மணலுக்கு எந்த வண்டி?

கேள்வி: திருகோணமலைக் கடற்கரைக்கு உகந்தது லேண்ட் ரோவர் டிஃபெண்டரா, சுசுகி ஜிம்னியா, டொயோட்டா லேண்ட் குரூசரா?

பதில்: வாங்குபவரைப் பொறுத்தது. 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர் வழிவந்த பழைய டிஃபெண்டருக்குப் பெரும்பாலும் அலுமினிய உடம்பு, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. அடியிலுள்ள சேஸியோ இரும்பு. உப்புக்காற்று அதிகம் வேலையைக் காட்டுவது அங்கேதான். நிலாவெளிப் பக்கம் பழைய வண்டி வாங்குபவர் குனிந்து, டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

ஜிம்னி சுமார் 1,100 கிலோதான். மணலில் புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து கிளப்பிவிடலாம்! பெரிய குடும்பம், நீண்ட பயணம், கனத்த மடி என்றால் லேண்ட் குரூசர்.

கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இந்த மூன்றும் எதற்கு? அவருக்கு ஒரு டிராக்டர் போதும். கிண்ணியா வயல்காரருக்கு லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம்தான் ராஜா: இரும்புச் சில்லு மாட்டினால் சேற்றில் உழும், பெட்டி பூட்டினால் நெல் மூட்டையோடு மில்லுக்குப் போகும்.