பயிர்ப் பாதுகாப்பு படிக்கும் ஒட்டுண்ணிகளுக்கு ஒரு கையேடு

பயிருக்கு வரும் பூச்சியையும் நோயையும் படிக்க எம்.எஸ்சி.யோ பிஎச்.டி.யோ சேர்ந்துவிட்டீர்களா? வாழ்த்துகள். இன்றிலிருந்து நீங்களும் ஓர் ஒட்டுண்ணிதான். எதைப் பற்றிக்கொண்டு பிழைப்பது என்பதற்கு இதோ ஆறு படிகள்.

1. ஓம்புயிரியைத் தேடுங்கள். எம்.எஸ்சி.க்கு ஐசிஏஆர் நுழைவுத் தேர்வு இருக்கிறது. தரவரிசையில் மேலே வந்தால் மாதம் 12,640 ரூபாய். கீழே வந்தால் அப்பா.

2. எந்த நெட் (தேசியத் தகுதித் தேர்வு) என்று பாருங்கள். சிஎஸ்ஐஆர் நெட்டில் உயிர் அறிவியல் எழுதி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கினால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000, பிறகு 42,000. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியமும் ஒரு நெட் நடத்துகிறது. அதில் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போடலாம், காலணா வராது. கல்யாண வீட்டில் ‘நெட் பாஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. எந்த நெட்டும் இல்லையா? பனாரஸ் போன்ற மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேருங்கள். மாதம் 8,000. இதையும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்தப் பார்க்கிறது என்று 2015-இல் மாணவர்கள் டெல்லியில் அதன் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். அன்றும் அது 8,000-தான்.

4. பூச்சி வரும் திசை பாருங்கள். புதுப் பூச்சி வந்தால் திட்டம் வரும்; திட்டம் வந்தால் கைடுக்கு ஆள் வேண்டும். 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது, 2018-இல் கர்நாடக மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. ஆனால் எச்சரிக்கை: 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் புவெர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்த குட்டி ஒட்டுண்ணிக் குளவி ஒன்று அடக்கிவிட்டது. விவசாயிக்கு நிம்மதி. மாவுப்பூச்சியை நம்பித் தலைப்புப் பதிந்தவரை யார் கேட்டார்கள்? உங்களைவிடத் திறமையான ஒட்டுண்ணிகள் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

5. காத்திருங்கள். குலைநோய்ப் பூசணம் நெல் இலையில் விழுந்தால் ஒரு வாரத்தில் புள்ளி தெரிந்துவிடும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் எத்தனை நாளில் தெரியும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. வருகைச் சான்று, கைடு கையெழுத்து, துறைத்தலைவர் சீல் எல்லாம் முடிந்த பிறகு, போன மாதப் படிவம் மாறிவிட்டது என்பார்கள். மெஸ் பில் மட்டும் முதல் தேதியே வந்துவிடும்.

6. வயலுக்குப் போங்கள். ‘தம்பி, இந்த வாழை ஏன் இப்படி வாடுது?’ என்று யாராவது தண்டைப் பிளந்து காட்டுவார். குந்தி உட்கார்ந்து பாருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். புறப்படும்போது ஒரு சீப்புப் பழத்தைக் கையில் திணிப்பார். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். படிவம், சீல் எதுவும் இல்லாமல் அன்றைக்கே வந்து சேரும் உதவித்தொகை அது ஒன்றுதான்.