ஹேண்டில் லாக்

நாகர்கோவில்காரன் வண்டியை நிறுத்தினால் மூன்று காரியம் உண்டு. சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டுவான். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பூட்டுவான். பத்தடி போனபின் திரும்பி வந்து, பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பான். திருவனந்தபுரத்துக்காரனுக்கு முதல் காரியத்தோடு கதை முடிந்தது. சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். இரண்டு ஊருக்கும் இடையே எழுபது கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலத்தில்தான் கிடந்தோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்களைப் பிரித்துத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தவர்கள், சந்தேகப் புத்தியையும் மொத்தமாக நம் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் குடியிருக்கிறேன். வண்டி மட்டும் இன்னும் டிஎன் 74. சுற்றிலும் நிற்பதெல்லாம் கேஎல் 01. ஸ்டாண்டில் எது வெளியூர் வண்டி என்று கண்டுபிடிக்க நம்பர் பலகையைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எல்லா முன்சக்கரமும் நேரே பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி நிற்கும். அது நம்முடையது.

இங்கே பூட்டாததற்குக் காரணம் பெருந்தன்மை என்று இந்த ஊர் நண்பர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். காரணம் இடம். இருபது வண்டி நிற்கிற சந்தில் நாற்பது நிற்கிறது. சுவரோரம் விட்டவன் வெளியே வரவேண்டுமானால் முன்னால் நிற்கிற மூன்று பேருடைய வண்டியை அவன் நகர்த்தியாக வேண்டும். அந்த மூன்று பேரும் அப்போது மூன்று ஆபீஸில் இருப்பார்கள். ஆகவே யார் வண்டியையும் யாரும் தள்ளலாம் என்பது ஊர் ஒப்பந்தம். காலையில் மருந்துக்கடை முன்னால் விட்ட வண்டி சாயங்காலம் செருப்புக்கடை முன்னால் நிற்கும். ஒருவரும் பதறுவதில்லை. வரிசையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "ஆ, இவிடெ வந்நோ" என்று வண்டியிடமே விசாரித்துவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். நம் ஊரில் வண்டி இரண்டடி தள்ளி நின்றாலே முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்போம்.

இந்த ஒப்பந்தத்தின் தலைமையகம் சாலை பஜார். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைவீதி அது. அப்போது வந்தது மாட்டு வண்டி. இப்போது அதே அகலத்தில் லாரி, ஆட்டோ, தள்ளுவண்டி, வாழைத்தார், வாழைத்தாருக்கு விலை கேட்கிறவர், அவருடைய ஸ்கூட்டர். அங்கே பாரம் இறக்குகிற தொழிலாளர்கள் நீலச் சட்டை போட்டிருப்பார்கள். நோக்குகூலி என்று ஒன்று இருந்தது தெரியும்தானே? நம் சரக்கை நாமே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்திலும் சரி இப்போதும் சரி, அவர்கள் காசு வாங்காமல் நகர்த்துகிற பாரம் ஒன்று உண்டு. லாரிக்கு வழிமறித்து நிற்கிற பைக்.

ஒருநாள் அப்பளமும் பெருங்காயமும் வாங்கிக்கொண்டு கடைவாசலில் நின்று அதைப் பார்த்தேன். வெங்காய லாரி ரிவர்ஸில் வருகிறது. தலையில் சிவப்புத் துவர்த்து கட்டிய ஒருவர் வண்டி வரிசைக்குள் நுழைந்தார். இடது கை ஹேண்டிலில், வலது கை பின்கம்பியில், முழங்கால் சீட்டில். ஒரு உந்து. வண்டி ஓரத்துக்குப் போய்விட்டது. அடுத்தது. அடுத்தது. ஒரு வண்டிக்கு ஐந்து வினாடி ஆகியிருக்காது. பிறகு என்னுடையதில் கை வைத்தார். அசையவில்லை. இன்னொரு தரம் உந்தினார். முன்சக்கரம் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு கிடப்பதால் வண்டி வட்டமடித்து அவருடைய காலையே இடிக்க வந்தது. பூட்டின் சூட்சுமமே அதுதான். திருடன் தள்ளினாலும் நின்ற இடத்திலேயே சுற்றவேண்டியதுதான். பாரம் தூக்குகிறவர் தள்ளினாலும் அதேதான். ஹேண்டில் லாக்குக்கு ஆள் பார்த்து நடந்துகொள்ளத் தெரியாது.

"ஆரடே இது?" என்று சத்தம் போட்டார். நம்பர் பலகையைப் பார்த்ததும் குரல் தணிந்தது. வேறொருவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தினார்கள். பையோடு நான் போய் நின்றதும் நல்ல தமிழில் சொன்னார்: "சாமி, இங்க களவு போவாது. எடுத்தாலும் இந்த நெரிசல்ல ஓட்டிட்டு எங்க போவான்? கெழக்கேகோட்டை போறதுக்குள்ள நாங்க டீ குடிச்சிட்டு நடந்தே பிடிச்சிருவோம்."

நியாயமான பேச்சு. பூட்டைத் திறந்து கொடுத்தேன். அவர் போனதும் பூட்டினேன்.

ஆபீஸில் நாலு மணி டீக்கு இதுபற்றி விவாதம் நடந்து, மூன்று கட்சி உருவாகியிருக்கிறது. பூட்டும் கட்சியில் நான் ஒருவன்தான். உள்கட்சிப் பூசல் கிடையாது. பூட்டாத கட்சியின் தலைவர் ஒரு கிளாசிக் 350 வைத்திருக்கிறார். எடை 195 கிலோ. எவன் வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளட்டும், நான் தாராளமானவன் என்கிறார். அதைத் தள்ளுவதற்கு எவனுக்கு இடுப்பு இருக்கிறது? சாவியே தேவைப்படாத பூட்டோடு வண்டி வாங்கிவிட்டு, பூட்டாமல் போவதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்கிறார்.

மூன்றாவது கட்சி சென்டர் ஸ்டாண்ட். அதற்குத் தலைவி ஆக்டிவா வைத்திருக்கும் ஒரு சேச்சி. சைடு ஸ்டாண்டில் நிற்பது நிற்பதே இல்லை, சாய்ந்து கிடப்பது என்பது அவர் கொள்கை. எல்லா வண்டியும் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றரை ஆள் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இடக்கோடியில் நிற்பவனுக்குத் தன் வண்டியில் ஏறக் கால் தூக்கவே வழி இல்லை. ஒன்று விழுந்தால் வரிசை முழுக்க விழும். என் வண்டி நடுவில் நிமிர்ந்து நிற்பதால்தான் இந்த ஆபீஸ் வண்டிகள் பாதி பிழைத்திருக்கின்றன என்கிறார். உண்மைதான். ஒரு மழைக்காலத்தில் ஈரமண் இளகி வடகோடி வண்டி சரிந்தபோது, ஏழெட்டு விழுந்து சேச்சியின் ஆக்டிவாவில் வந்து நின்றது. அதன் இடப்பக்கம் நின்ற நாங்கள் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறோம். விழுந்த பக்கத்துக்காரர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். ஆனால் சென்டர் ஸ்டாண்டில் போட்ட வண்டியையும் பிறர் சுலபமாகத் தள்ள முடியாது. முதலில் ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டும். பூட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "மரியாதை" என்றார்.

இந்த ஊரின் மேடுபள்ளம் வேறு இருக்கிறது. குன்றுகளின் மேல் கட்டிய நகரம். சமதளம் என்று நினைத்து நிறுத்திய இடம், திரும்பி வந்து பார்த்தால் சரிவு. சரிவில் மூக்கு மேல்பக்கம் இருக்கும்படி விட்டு, ஃபர்ஸ்ட் கியரில் போடுவதுதான் முறை. மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்தால் வண்டி முன்னால் உருளும். உருண்டால் ஸ்டாண்ட் தானாகப் பின்பக்கம் மடங்கிக்கொள்ளும். மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். ஸ்கூட்டருக்குக் கியர் கிடையாது என்பதால் இடக்கை பிரேக்கோடு ஒரு சின்னக் கொக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துகிற ஒருவரைச் சந்திக்க நான் இன்னும் காத்திருக்கிறேன். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, உள்ளே தரை முழுக்கச் சுழன்று ஏறுகிற சரிவுதான். அந்த மனிதர் மேசையையும் பெஞ்சையும் மட்டம் பிடித்துக் கட்டிவைத்ததால் சாம்பார் கிண்ணத்தைவிட்டு இறங்காமல் இருக்கிறது. தெருவுக்கும் அவரே வந்திருக்கலாம்.

இந்தக் கியர் சமாசாரத்தில்தான் எனக்கொரு யோசனை கிடைத்தது. ஹேண்டிலைப் பூட்டாமல் விட்டுவிட வேண்டியது. வண்டியை மட்டும் கியரில் போட்டுவிட வேண்டியது. வெளிப்பார்வைக்குத் திருவனந்தபுரம், உள்ளுக்குள் நாகர்கோவில். பின்சக்கரம் அசையாது, பழியும் வராது. சில நாள் ஓடியது. பிறகு ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் தெருமுனை லாட்டரிக்காரர் வண்டியை உந்தினார், அசையவில்லை என்றதும் ரப்பர் செருப்பின் நுனியால் கியர் லீவரை ஒரு தட்டு தட்டி நியூட்ரலில் விட்டுத் தள்ளிக்கொண்டு போனார். கையிலிருந்த லாட்டரிச் சீட்டுக் கட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் வண்டி விடுகிறவர்களுக்குத் தனிப் படிப்பு வேண்டும். வெயில், மழை, நிழல், தென்னை (மேலே பார்க்காமல் வண்டி நிறுத்துகிறவன் இந்த ஊர்க்காரனே அல்ல) இதெல்லாம் மற்ற இடத்துக்கு. இங்கே பார்க்க வேண்டியது பேப்பர். இன்றைக்கு யாருடைய மார்ச், எத்தனை மணிக்கு, ஆளுங்கட்சி அமைப்பா எதிர்க்கட்சி அமைப்பா. பாளையம் ரத்தசாட்சி மண்டபத்திலிருந்து புறப்படுகிற ஊர்வலம் எம்.ஜி. ரோடு வழியாக வந்து சேருவதற்குள் போலீஸ் தடுப்பு வைத்துவிடும். தடுப்புக்கு உள்பக்கம் மாட்டிய வண்டி, போராட்டம் முடிகிறவரை அரசாங்கத்தோடு இருக்கும். வெளிப்பக்கம் மாட்டியது மக்களோடு. ஜலபீரங்கி அடிக்கும்போது இரண்டும் நனையும். அனுபவசாலிகள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கவிழ்த்துத்தான் மாட்டுவார்கள். நிமிர்த்தி மாட்டிய ஒருவர் ஒரு படி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கேமரா வேறு வந்துவிட்டது. 2023-இல் கேரளம் முழுக்க 726 கேமரா வைத்து, ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை. 25 கேமராவுக்கு மட்டும் வேலை, தப்பான இடத்தில் நிறுத்திய வண்டியைப் பிடிப்பது. ஒழுங்காகக் கோட்டுக்குள்தான் விட்டேன் என்பான் வண்டிக்காரன். விட்டது கோட்டுக்குள்தான். அதற்குப் பிறகு நாலு பேர் தள்ளி, செருப்புக்கடை முன்னால் நின்ற வண்டி ஜங்ஷன் வளைவுக்கு வந்து, பஸ் ஸ்டாப்பில் ஏறி நிற்கிறது. கேமரா நம்பரைத்தான் படிக்கும். தள்ளிய கையைப் படிக்காது. எங்கள் டீ நேர விவாதத்தில் இந்த இடத்தில் மட்டும் பூட்டாத கட்சித் தலைவர் பேச்சை மாற்றி, பழம்பொரி சொல்லட்டுமா என்று கேட்பார்.

இப்படியெல்லாம் தள்ளியும் உந்தியும் பழகிய நகரம், வருஷத்தில் சில நாள் ஒரு பொருளை மட்டும் தொடாது. கும்ப மாதம் ஆற்றுகால் பொங்காலை. கின்னஸ் புத்தகம் 2009-இல் குறித்த கணக்கு, பொங்கல் வைத்த பெண்கள் 25 லட்சம். கோயிலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தெருவெல்லாம் அடுப்பு. பல நாள் முன்னாலேயே, நாம் வண்டி விடுகிற அதே ஓரத்தில், மும்மூன்று செங்கல் வரத் தொடங்கும். சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும். வாட்ச்மேன் இல்லை, சங்கிலி இல்லை. பூட்டிய வண்டியையே தூக்கி நகர்த்துகிற ஊரில் அந்தச் செங்கல்லை ஓர் அங்குலம் நகர்த்த ஒருவருக்கும் தைரியம் கிடையாது. லாட்டரிக்காரரும் சுற்றித்தான் போவார். பொங்கல் வைத்து முடிந்தபின் மாநகராட்சி அந்தச் செங்கல்லைச் சேகரித்து, ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. நம் வண்டியை அப்படி யாரும் உபயோகமாகக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார்கள்.

பொங்காலைக்கு முந்தின நாளே தெருவில் நிற்கிற வண்டியெல்லாம் கிளம்பியாக வேண்டும். எந்தச் சொந்தக்காரன் வீட்டு முற்றம் காலி என்று ஊரே போன் போட்டு விசாரிக்கும். என் வீட்டுக்காரி அடுப்புக்கு இடம் பிடித்த கையோடு என்னையும் வண்டியையும் நாகர்கோவிலுக்கு, மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அங்கே ராத்திரி சாப்பாடானதும் வாசல்படியில் பலகை போடப்படும். மாமாவின் ஸ்பிளெண்டர் அதில் ஏறி, நடைவழி கடந்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஹேண்டிலைப் பூட்டுவார். பின்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு அதையும் பூட்டுவார். பிறகு வாசல் கதவு, பிறகு கிரில். எல்லாவற்றையும் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். எங்கள் கட்சியின் ஸ்தாபகர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"வெளிக்கதவப் பூட்டியாச்சே மாமா, வீட்டுக்குள்ள வந்து யாரு தள்ளப்போறா?" என்று கேட்டேன்.

"ஒங்க அத்தை" என்றார். "காலம்பற தூத்துறதுக்கு எடம் வேணும்னு பொறவாசல்ல கொண்டு நிப்பாட்டீருவா மாப்ள."

மறுநாள் காலை எழுந்து வந்து பார்த்தேன். ஹால் பளபளவென்று இருந்தது. வண்டி புறவாசலில் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் நின்றது. மாற்றுச்சாவி இரண்டும் அரிசிப் பானைக்குள் கிடக்கின்றன. மாமா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.