யாருட்டல சொல்லுதா அவ?

ஏல, இங்க வா. காதல் கதை எழுதப் போறியாமே? நல்லது. ஆனா மாசக் கணக்கா ஒரு வரி எழுதல. 'பார்வைக் கோணம்' பாக்கேன்னு திரியுதியாம். தன்மையா, படர்க்கையா, அவனுக்கு ஒரு அத்தியாயம் அவளுக்கு ஒரு அத்தியாயமான்னு போன்ல கெடந்து தேடுதியாம். எங்க காலத்துல காதலிக்கவே ஒருத்தனும் இம்புட்டு யோசிக்கலல.

சாயர்புரத்துல பொறந்துட்டு இதுக்கு முழிக்கலாமா? ஜி.யு. போப் 1840கள்ல பள்ளிக்கூடம் நடத்துன ஊருல்லா இது! அந்த மனுசன் 1886ல திருக்குறள இங்கிலீசுல கொண்டாந்தாரு. அவருக்கு முந்தியே 1730ல வீரமாமுனிவர் லத்தீன்ல போட்டாரு. ஆனா அறத்துப்பால், பொருட்பாலோட நிப்பாட்டிட்டாரு. காமத்துப்பாலத் தொடல. சாமியாருல்லா, பாவம்! போப்பும் சில வருசம் அதப் படிக்காமலே ஒதுக்கி வச்சிருந்தாரு. அத அவரே முன்னுரையில ஒத்துக்கிடுதாரு. பொறவு படிச்சுப் பாத்தா ஒரு வில்லங்கமும் இல்ல. 250 குறளையும் சேத்தே போட்டுட்டாரு.

அந்த 250ல வள்ளுவர் எங்கயாவது தலைய நீட்டி 'நான் என்ன சொல்லுதேன்னா'ன்னு வாராரா? மாட்டாரு. தலைவன் பேசுவான், தலைவி பேசுவா, தோழி பேசுவா. யாரு யாருட்ட சொன்னதுன்னு பரிமேலழகர் குறளுக்குக் குறள் எழுதி வச்சிருக்காரு. கேக்க ஒரு நாதி இல்லன்னா அவ தன் நெஞ்சுட்டயே பேசுதா. அதுக்குன்னே ஒரு அதிகாரம் இருக்கு, நெஞ்சொடு கிளத்தல். நீ இதத்தான் ஞாயித்துக்கெழம வகுப்புக்குத் துட்டு கட்டி, 'உள்மன ஓட்டம்'னு படிச்சிட்டு வார.

இன்னும் பழசு வேணுமா? ஐங்குறுநூற எடு. அதுல நெய்தல் 100 பாட்டும் அம்மூவனார் பாடுனது. கடக்கரைக் காதல். பத்துப் பத்தாப் பிரிச்சு வச்சிருக்கு. தாய்க்குரைத்த பத்து, தோழிக்குரைத்த பத்து, கிழவற்குரைத்த பத்து, பாணற்குரைத்த பத்து. பாத்தியா? கேக்க ஆள வச்சே பேரு வச்சிருக்காவ. தாய்ட்ட பூசி மொழுகித்தான் சொல்ல முடியும். தோழிட்ட ஒடச்சுச் சொல்லலாம். அவனுக்காகத் தூது வார பாணன்ட்ட? நல்லா நாலு கேட்டு அனுப்பணும். நீ சொல்லுதது யாருன்னு மட்டும் மண்டைய ஒடைக்க. கேக்கது யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

இதுல ஒரு கள்ளத்தனம் உண்டு, கேளு. சிறைப்புறம்னு பேரு. தலைவன் வேலிக்கு அந்தால வந்து ஒளிஞ்சு நிப்பான். தோழிக்குத் தெரியும். தெரியாத மாதிரி தலைவிட்ட பேசுவா. 'வீட்டுல காவல் கூடிப்போச்சு, ஊரு வாய மூட முடியல'ன்னு. பேச்சு அவட்ட, சேதி வேலிக்கு அந்தால. 'ஒளிஞ்சு வந்தது போதும், பொண்ணு கேட்டு வாடா'ங்கதுதான் உள்ள இருக்கது. நம்மூரு மாமியாக்கமாரு கோழிய ஏசுற சாக்குல மருமவள ஏசுவாவள்ளா, அதே வித்தைதான். 'டூயல் பாயிண்ட் ஆஃப் வியூ'ன்னு பீத்துதியே, இத எதுலல சேப்ப?

தன்மையில எழுதுத புள்ளைய ஒரு கூத்து பண்ணுதுவ, கவனிச்சியா? முத பக்கத்துலயே நாயகியக் கண்ணாடி முன்னால நிப்பாட்டிருதுவ. 'என் நீண்ட விழிகள், என் சிவந்த இதழ்கள்'. எந்தப் பொட்டப்புள்ளல தல சீவும்போது இப்படி நெனைக்கும்? சிக்கு எடுபடலியேன்னு நெனைக்கும். பஸ்ஸு போயிருமேன்னு நெனைக்கும். அம்மூவனார் பாட்டுல ஒருத்தி பல்லு கொற்கைத் துறை முத்து மாதிரின்னு வருது. ஏரலுக்குப் பக்கத்துல கெடக்கே, அதே கொற்கைதான். கடலு வெலகிப் போயி இப்பம் வெறும் ஊரா நிக்கி. ஆனா அதச் சொல்லுதது யாரு? அவ மேல கிறுக்குப் புடிச்ச அவன். அவன் சொன்னா காதல். அவளே சொன்னா பல்பொடி வெளம்பரம்.

அதுக்காக 'நான்'னு எழுதவே கூடாதாங்காத. லா.ச.ரா.வோட 'அபிதா'வ வாசி. முழுக்க ஒரு ஆம்பள 'நான், நான்'னுதான் சொல்லிட்டுப் போறான். அபிதா மனசுல என்ன ஓடுச்சு? அவ வாயால ஒண்ணும் கெடைக்காது. கெடைக்காததுதான் அங்க கதையே. வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்' வேற மாதிரி. 1977ல வந்தது, மணப்பாட்டுக் கதை, படர்க்கை. பிலோமி சாமிதாசுட்ட மனசக் குடுத்தத மட்டும் அவ வாயால சொல்ல விட்டிருந்தா, அப்பன் குரூஸ் மிக்கேலு வல்லத்த விக்க மனசில்லாமத் தவிக்கதுக்குள்ள நாம எப்படிப் போவோம்? அந்த வல்லமும் ஒரு காதல்தான்ல.

சரி, ஒன் கதைக்கு வருவோம். ஒன் அக்கா காட்டுனா, வாசிச்சேன். முறைக்காத. ராத்திரி ரெண்டு மணி, வீடே ஒறங்குது, ஒன் நாயகி அழுதுக்கிட்டே நாலு பக்கம் பேசுதா. யாருட்டல பேசுதா? அம்மாட்டயா? ஒறங்குதா. அவன்ட்டயா? அவன் துபாய்ல. நெஞ்சுட்டயா? தன் நெஞ்சுட்ட பேசுதவ தன் ஊரு பேரு, காலேசு, அப்பா சம்பளம் எல்லாமா வெளக்கிக்கிட்டு இருப்பா, கோட்டிக்காரப் பயலே?

அந்த நாலு பக்கத்த அடி. அவளுக்கு ஒரு தோழியப் போடு. அவன் துபாய்ல இருந்துட்டுப் போட்டும், தோழி கையில இருக்க போன் அணையாம கெடக்கட்டும்.