சத்தியமாக நான் நாத்திகன்

ஒருவனை நாத்திகனாக்கச் சுலபமான வழி, வேதப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வா என்று அவனிடம் சொல்வதுதான். லண்டனில் ஒரு பாதிரியார் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

பையன் பெயர் சார்லஸ் பிராட்லா. 1833இல் பிறந்தவன், வக்கீல் குமாஸ்தா மகன். ஞாயிறு பள்ளியில் பொடியன்களுக்குப் பாடம் நடத்தும் அளவுக்கு நல்ல பிள்ளை. பிஷப் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறது, தயாராகு என்றார் பாதிரியார். நாலு வரியை உருப்போட்டு ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பையன் நான்கு சுவிசேஷங்களையும் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளையும் ஒப்பிட்டுப் படித்தான். கணக்கு உதைத்தது. ஐயா, இந்த இடம் இடிக்கிறதே, கொஞ்சம் விளக்க முடியுமா என்று பாதிரியாருக்குப் பணிவாக ஒரு கடிதம் போட்டான். பாதிரியார் பையனை விட்டுவிட்டு அவன் அப்பாவுக்குப் பதில் எழுதினார்: உங்கள் மகன் நாத்திகன். கூடவே, ஞாயிறு பள்ளியிலிருந்து மூன்று மாத சஸ்பென்ஷன்.

அதுவரை பையனுக்கே அந்த விஷயம் தெரியாது.

அப்புறம் வீட்டை விட்டு வெளியேறியது, நிலக்கரி விற்றது, பட்டாளத்தில் சேர்ந்து அயர்லாந்துக்குப் போனது, திரும்பி வந்து வக்கீல் ஆபீசில் எழுதியது எல்லாம் வழக்கமான கதை. 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தொடங்கும்போது ஆள் இங்கிலாந்தின் நம்பர் ஒன் நாத்திகப் பேச்சாளர். மேடையில் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துவைத்து, கடவுள் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் என்னைக் கொல்லட்டும் என்று சவால் விட்டார் என ஊரெல்லாம் பேச்சு. நான் அப்படிச் செய்யவே இல்லை என்று அவர் ஆயுள் முழுக்க மறுத்துக்கொண்டிருந்தார், கோர்ட் வரைக்கும் போனார். கதையைப் பரப்பியவர்கள் நம்பவில்லை. ஆதாரம் இல்லாமல் நம்புவதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

கடவுள் இல்லை என்று கூட அவர் அடித்துச் சொல்லவில்லை. நீங்கள் எதைக் கடவுள் என்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை, விளங்காத ஒன்றை இல்லை என்று எப்படி மறுப்பேன் என்பதுதான் அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் இது மறுப்பை விட மோசம். மறுத்தால் சண்டை போடலாம். விளங்கவில்லை என்பவனுக்கு முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டும், அதற்கு நாமே ஒருமுறை படிக்க வேண்டும்.

செருப்புத் தொழிலாளர்கள் நிறைந்த நார்தாம்ப்டன் தொகுதி அவரை மூன்று முறை தோற்கடித்துவிட்டு, 1880இல் மனம் இரங்கி ஜெயிக்கவைத்தது. மே 3ஆம் தேதி நாடாளுமன்ற அவைக்குப் போனார். கடவுள் பெயரால் சத்தியம் செய்வது எனக்குப் பொருளற்றது, வெறுமே உறுதிமொழி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது, குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவினருக்கு. சத்தியம் செய்வதை அவர்கள் மதம் தடுக்கிறது, அதனால் விதிவிலக்கு. அதாவது கடவுள் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை இருந்தாக வேண்டும். பிராட்லாவிடம் அது இல்லை. கமிட்டி போட்டார்கள். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் ஒற்றை ஓட்டில் முடியாது என்று தீர்ந்தது.

சரி, சத்தியமே செய்துவிடுகிறேன் என்றார் மனுஷன். அங்கேதான் ரகளை ஆரம்பம். நம்பாதவன் வாயால் ஆண்டவன் பெயரா, கூடவே கூடாது என்று எழுந்தார்கள் பக்திமான்கள். சத்தியம் செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டோம், சத்தியம் செய்யவும் விடமாட்டோம். முன்வரிசையில் நின்று குதித்தவர் ராண்டால்ஃப் சர்ச்சில், பிற்கால வின்ஸ்டனின் அப்பா. பிராட்லா அரச குடும்பத்தைக் கிழித்து எழுதிய சிறு புத்தகத்தைத் தரையில் வீசி, அவையின் நடுவே காலால் மிதித்தார். தேவனுக்காகக் கிளம்பிய கோபம் எப்படியோ ராஜாவிடம் போய் நின்றுவிட்டது.

வெளியேறு என்றார்கள், மறுத்தார். பிக் பென் மணிக்கூண்டின் கீழே இருந்த அறையில் ஒரு ராத்திரி அடைத்தார்கள். பிறகு உறுதிமொழி சொல்லி உட்காரலாம், ஆனால் உன் பொறுப்பு என்றார்கள். உட்கார்ந்தார். போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் 500 பவுன் அபராதம் என்று ஒருவர் வழக்குப் போட, பதவி போயிற்று. நார்தாம்ப்டன் மறுபடி அவரையே அனுப்பியது. 1881 ஆகஸ்டில் போலீஸ்காரர்கள் சட்டை கிழிய அவரை இழுத்து வெளியே தள்ளினார்கள். 1882 பிப்ரவரியில் விறுவிறுவென்று மேஜையருகே போய், சொந்தப் புதிய ஏற்பாட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, தனக்குத் தானே சத்தியப் பிரமாணம் செய்துகொண்டார். புரோகிதர் வராததால் மாப்பிள்ளையே மந்திரம் சொல்லித் தாலி கட்டிய மாதிரி. நீக்கினார்கள். நார்தாம்ப்டன் மறுபடி அனுப்பியது. 1884இலும் இதே கூத்து, இதே முடிவு.

அதே தொகுதியின் இன்னொரு உறுப்பினர் லபூஷேர். அவருக்கும் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. அவர் பாட்டுக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த அவையில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்களோ! சத்தியத்தின் வார்த்தைக்கு அர்த்தம் உண்டு என்று எண்ணி அதற்காக உதை வாங்கியவர் நாத்திகர் ஒருவர்தான்.

எதிர்த்தவர்களின் வரிசையும் ரசமானது. 1829 வரை கத்தோலிக்கர்களுக்கே அந்த அவையில் இடம் இல்லை. இப்போது கத்தோலிக்கக் கார்டினல் மானிங், பிராட்லாவுக்கு இடம் கொடுக்காதே என்று கட்டுரை எழுதுகிறார். ரயிலில் முண்டியடித்து ஏறியவர்கள் கதவைச் சாத்துவது நமக்குப் புதிதில்லை. ஆதரித்தவரோ பிரதமர் கிளாட்ஸ்டன், பழுத்த பக்திமான். 1883இல் உறுதிமொழி மசோதா கொண்டுவந்து, தெய்வங்கள் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற ரோமானியக் கவி லுக்ரீஷியஸை லத்தீனிலேயே எடுத்துவிட்டு அபாரமாகப் பேசினார். மசோதா 3 ஓட்டில் தோற்றது.

கடைசியில் 1886 ஜனவரி 13 அன்று சபாநாயகர் பீல், ஓர் உறுப்பினர் சத்தியம் செய்வதைத் தடுக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா சத்தியம் செய்தார். வானம் இடிந்து விழவில்லை. 1888இல் இஷ்டப்பட்டவர்கள் உறுதிமொழி சொல்லலாம் என்று அவரே சட்டம் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

அவர் புகழ் சென்னை வரை வந்திருந்தது. சென்னை லௌகிக சங்கத்துக்காரர்கள் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்று தமிழிலேயே நாத்திகப் பத்திரிகை நடத்தினார்கள். லண்டனிலோ அவருடைய வலதுகையே கழன்றது. பாதிரியாரான கணவரைப் பிரிந்து நாத்திகப் பிரசாரத்துக்கு வந்து, 1877இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகத்துக்காக அவரோடு கூண்டில் ஏறிய அன்னி பெசன்ட், பிளாவட்ஸ்கி அம்மையாரின் தலையணைப் புத்தகம் ஒன்றுக்கு மதிப்புரை எழுதப்போய், 1889இல் அந்த அம்மையாரின் தியாசபி என்ற பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்துவிட்டார். பிறகு இந்தியா, அடையாறு, சங்கத் தலைமை. கடற்கரையில் சகா ஒருவர் கண்டெடுத்த பையனை உலக குருவாக வளர்த்தார். அந்தப் பையன், ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929இல் குருவும் வேண்டாம் அமைப்பும் வேண்டாம் என்று கலைத்துவிட்டுப் போனார். பிராட்லா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அவரும் 1889இல் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். அந்த ஆண்டு வந்த பிரதிநிதிகள் 1889 பேர். இதில் தெய்வச் செயல் எதுவும் தெரிந்ததாக அவர் சொன்னதில்லை. 1891 ஜனவரி 27 அன்று, பிராட்லாவுக்கு எதிரான பழைய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடுவது என்று அவை முடிவு செய்தது. அவர் நினைவிழந்து கிடந்தார். மூன்று நாளில் போய்விட்டார்.

புரூக்வுட் மயானத்தில் அடக்கம். லண்டனிலிருந்த இந்தியர்கள் திரண்டு போனார்கள். அதில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். துக்கத்துக்குச் சில பாதிரியார்களும் வந்திருந்தார்கள். திரும்பும் வழியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒரு நாத்திக வீரர் பாதிரியார் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, பூமியின் சுற்றளவு இத்தனை மைல், உங்கள் கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார் என்று மடக்கினார். நம் இருவர் நெஞ்சிலும்தான் இருக்கிறார் என்றார் பாதிரியார், தன்மையாக. என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தீரா என்று வெற்றிக் களிப்போடு சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார் வீரர். பார்த்துக்கொண்டிருந்த காந்திக்கு நாத்திகத்தின் மேல் ஏற்கெனவே இருந்த கசப்பு இன்னும் கொஞ்சம் கூடியது.