வாத்தியாரும் வம்சமும்

ஓர் இனத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் அந்த இனத்தவரே கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் சூடுபிடித்தது 1968 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியின் மாணவர் போராட்டத்தில். கறுப்பின மாணவர்களும் ஆசிய, லத்தீன், பழங்குடி வம்சாவளி மாணவர்களும் தனித் துறை கேட்டார்கள். அதில் யாரை நியமிப்பது என்ற அதிகாரத்தையும் கேட்டார்கள். நியாயம்தான். அதுவரை அவர்களுடைய கதையைப் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பேராசிரியர்களே, அதுவும் போகிறபோக்கில், சொல்லிவந்தார்கள்.

பிறப்பை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் யார் கிடைப்பார் என்பதற்கு அதே வளாகத்தில் சாட்சி இருந்தது. கல்லூரியின் தற்காலிகத் தலைவர் எஸ்.ஐ. ஹயகாவா ஜப்பானிய வம்சாவளியினர். வம்சத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியிருப்பார். டிசம்பரில் அவர் மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமீது ஏறி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். தொழிலால் அவர் சொற்பொருளியல் அறிஞர். பிற்பாடு செனட்டராகவும் ஆனார்.

மறுபக்கம் ஹெர்பர்ட் அப்தேக்கர், புரூக்ளினில் பிறந்த யூதர். கறுப்பின அடிமைகளின் கலகங்களைப் பற்றி 1943இல் நூல் எழுதியவர். கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் தம் ஆவணங்களை இவரிடமே ஒப்படைத்தார். ஜாதகம் கேட்டதாகத் தகவல் இல்லை. சென்னையும் கேட்கவில்லை: அதே 1968இன் தொடக்கத்தில், கனடாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த ஜி.யு. போப்புக்கு மெரினாவில் சிலை எழுந்தது.

சான் பிரான்சிஸ்கோ போராட்டம் 1969 மார்ச்சில் முடிந்தது; மாணவர்கள் கேட்ட இனவியல் பள்ளி கல்லூரியில் அந்த ஆண்டே தொடங்கியது. தலைவர் நாற்காலியில் அப்போதும் ஹயகாவாதான்.