நீ சுட்டியா, அது சுட்டுச்சா?

ஏல பேராண்டி, போனைக் கீழ வைக்காத. வச்சா ஒனக்கு ஒடனே பசிக்கும், ஒங்க ஆச்சி என்னைத்தான் வைவா. கையில வச்சுக்கிட்டே கேளு.

ராத்திரி ‘ஹெட்ஷாட்டு, ஹெட்ஷாட்டு’ன்னு தெருவையே எழுப்புனியே, அப்ப நான் ஒன் தோளுக்குப் பின்னாலதான் நின்னேன். பிஜிஎம்ஐ ஆட்டத்துல ஒருத்தன் குறுக்க ஓடுதான். நீ கட்டைவெரல சர்ருன்னு இழுத்த. இழுத்த இழுப்புக்குக் குறிவட்டம் அவனைத் தாண்டி வேலிக்கு அந்தாண்ட போயிருக்கணும். போவலையே! அவன் கிட்ட வந்ததும் வேகம் கொறஞ்சு, அவன் சட்டையைப் புடிச்ச மாதிரி நின்னுச்சு. நீ சுட்டுட்டு மீசை மொளைக்காத எடத்தத் தடவுன.

செட்டிங்ஸ்ல எய்ம் அசிஸ்ட்டுன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா? செத்தாலும் அதை அணைச்சிராத. நான் சொல்லுத மொத புத்திமதி இது. விஜயதசமியன்னைக்கு நெல்லுல ஒன் வெரலைப் புடிச்சு ‘அ’ போட்டது நானு. ‘புள்ளைக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு’ன்னு ஊரு மெச்சுனது ஒன்னைய. மெச்சுத நேரத்துல எவனாவது கையை உருவுவானா?

வெக்கப்படாத, இது பெரிய எடத்துப் பழக்கந்தான். 1997-லயே கோல்டன்ஐ 007-ங்கற ஆட்டத்துல துப்பாக்கி தானா ஆளைத் தேடிக்கிடும். 2001-ல ஹேலோ வந்துச்சு. கன்ட்ரோலர் குச்சியைக் கட்டைவெரலால தள்ளி நுணுக்கமா குறி வைக்க மனுசப்பெயலுக்கு வராதுன்னு அதைச் செஞ்சவனுவளுக்குத் தெரியும். அதனால எதிராளி மேல வட்டம் வந்ததும் வேகத்தக் கொறச்சானுவ. மயிரிழையில தப்பிப் போற குண்டையும் உள்ள இழுத்து விட்டானுவ. ஆடுனவன் ‘என்னா துல்லியம்!’னான். அன்னையிலேருந்து துல்லியத்துல பாதி உபசாரந்தான்.

உபசாரம் மிஞ்சுனா பந்தியில சண்டை வரும்லா, வந்துச்சு. அபெக்ஸ் லெஜண்ட்ஸ்ல மவுஸ்காரனும் கன்ட்ரோலர்காரனும் ஒரே களத்துல அடிச்சுக்கிடுதானுவ. எதிராளி திடீர்னு எடப்பக்கம் திரும்புனா, மவுஸ்காரன் கண்ணு பாத்து, மூளை சொல்லி, கை அசைய ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு கிட்ட ஆவும். கன்ட்ரோலர்காரனுக்கு அந்தத் தாமசமே கெடையாது. ஆட்டமே வட்டத்தை எதிராளி கூடவே கொஞ்சம் திருப்பி விட்டுரும். மவுஸ்காரனுவ வருசக்கணக்கா ஒப்பாரி வச்சதுல, 2024-ல கணினிக் களத்துல அந்த உதவியை 25 சதவீதம் வெட்டுனாவ. ஒடனே கன்ட்ரோலர்காரனுவ ஒப்பாரியை எடுத்துக்கிட்டானுவ.

ஆனா ஒன்னைச் சும்மா சொல்லப்படாது. ஜைரோஸ்கோப்பை ஆல்வேஸ் ஆன்ல போட்டு ஆடுதேல்லா, அது ஒன் சொந்தக் கைதான். எம்416 துப்பாக்கி படபடன்னு வெடிக்கையில குழல் மேல ஏறுது. நீ போனோட தலைமாட்டை முன்னால துளியூண்டு சாய்க்க, ஏறுத குழல் படிஞ்சு நிக்குது. கட்டைவெரல் கண்ணாடியில வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. 2015-லயே ஸ்ப்ளாட்டூன்ல நிண்டெண்டோக்காரன் இதைச் செஞ்சு காட்டிட்டான். ரெட் டாட்டு ஸ்கோப்புக்கு ஒரு அளவு, நாலு எக்ஸுக்கு ஒரு அளவு, ஆறு எக்ஸுக்கு ஒரு அளவுன்னு சென்சிட்டிவிட்டியை அவனவன் மணிக்கட்டுக்குத் தக்கனதான் வைக்கணும். நீ என்ன செஞ்ச? யூடியூப்ல எவனோ போட்ட சென்சிட்டிவிட்டி ‘கோட்’டை அப்படியே ஏத்திக்கிட்ட. நல்ல காரியம். அவன் கட்டிலை விட்டு எறங்காம ஆடுத ஆளு, நீ மொட்டை மாடியில குத்தவச்சு ஆடுத ஆளு. ரெண்டு பேரு கையும் ஒண்ணாத்தான இருக்கும்?

ஒங்க பெரியப்பா மவன் இன்னொரு ரகம். அவன் ஆடுத வேலோரன்ட்லயும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-லயும் வெரலைப் புடிக்க எந்தத் தாத்தனும் வரமாட்டான். ஓடிக்கிட்டே சுட்டா குண்டு எங்கயோ போவும். நின்னு சுடணும், எடப்பக்கம் ஓடுனா வலப்பக்கச் சாவியைத் தட்டி ஒடம்பை நிறுத்திட்டுச் சுடணும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல ஏகே-47 குண்டு மொதல்ல மேல ஏறி, பெறவு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். ஆடுத வழி மாறாதுங்கதால அதைப் பாடம் பண்ணி மவுஸை எதுத்தாப்புல இழுக்கணும். வேலோரன்ட்ல வாண்டல் துப்பாக்கிக் குண்டு ஒண்ணு தலையில பட்டா 160. முழுக் கவசம் போட்டவன் உசுரே 150. ஒரு குண்டுல காரியம் முடிஞ்சிரும். அந்த ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வருதே, அதுக்குத்தாம்ல அவன் சோறு தண்ணியில்லாமக் கெடக்கான்.

அவன் வாங்கியிருக்கான் பாரு ஒரு மவுஸ், அட்டைப்பொட்டியில 25,600 டிபிஐன்னு அதோட வேகத்தை எழுதியிருக்கு. கெட்டிக்கார ஆட்டக்காரனுவ பாதிப்பேரு 800-ல வச்சு, சென்சிட்டிவிட்டியையும் ஒண்ணுகிட்டத்தான் வைக்கானுவ. அப்படி வச்சா கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல ஒரு முழுச்சுத்து திரும்ப மவுஸை ஒரு மொழத்துக்கு மேல தள்ளணும். முழங்கையே அசையும். நம்மாளு மேசையில மொழம் போட எங்க எடம்? மிச்சர் தட்டு, டம்ளரு, பாடப்புஸ்தகம். புஸ்தகத்தை எடுன்னு நான் சொல்ல மாட்டேன். அது எடம் மாறி வருசமாச்சு.

சரி, தோத்தா என்ன சொல்லணும்னு கேக்க. ‘செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சப்பெறவும் என்னைக் கொன்னுட்டான்’னு நேத்து அழுதியே, அதைச் சொல்லு. அது நெசம். ஒன் போன்லேருந்து சேதி சர்வருக்குப் போவ நேரமாவுதுல்லா, அதனால இந்த மாதிரி ஆட்டங்கள்ல பலதுல சுட்டவன் கண்ணுக்கு அந்த நேரம் என்ன தெரிஞ்சுதுன்னு கணக்கைப் பின்னால ஓட்டிப் பாத்துத்தான் தீர்ப்பு. அவன் திரையில நீ வெளியதான் நின்ன. ஒன் திரையில உள்ள வந்துட்ட. ரெண்டு பேரும் பொய் சொல்லல.

ஒனக்கு இருக்குத ஒரே நெசமான சாக்கு இது. பத்துத் தடவ தோத்தா பத்துக்கும் இதையே சொல்லு. மிச்ச ஒம்பதை எவன் பின்னால ஓட்டிப் பாக்கப் போறான்?