முள்ளெலி எலி இல்லை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதை எனக்கு வானிலை அறிக்கை சொல்ல வேண்டியதில்லை. சகலையின் கார் வாசலில் வந்து நின்றால் போதும். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நின்றது. ஆறு பேர், நாலு ஈரத் துண்டு, பாதி காலியான எண்ணெய்ப் பாட்டில். காப்பிகூடக் குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, முள்ளம்பன்றி வளக்கீங்களாமே, எங்க?"

வளர்க்கவில்லை. மூன்று வாரமாகத் தோட்டத்து மோட்டார் ரூமில் இரண்டு முள்ளெலிகள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரில்லாத தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் கிடந்தது. மற்றது சுரண்டை ரோட்டில் ராத்திரி ஏதோ காரில் அடிபட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடந்ததை மகன் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். வனத்துறைக்குச் சொல்லியாகிவிட்டது. கால் கூடியதும் இரண்டையும் விட்டுவிட வேண்டும். அதுவரை வண்டும் கரையானும் பொறுக்குவது என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு பதவி உயர்வு.

தொட்டால் 'புஸ்' என்று சீறிச் சுருண்டுகொள்ளும். கவிழ்த்துப்போட்ட சிரட்டைக்கு முள் முளைத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஓரத்தில் ஒரு கீறல் விழும். அதன் வழியாக ஈர மூக்கு மட்டும் வெளியே வந்து, வந்திருப்பது யார் என்று மோந்து பார்க்கும். சகலைதான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடும். எனக்கு அந்த வசதி இல்லை.

முள்ளெலிக்காக நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய முக்கியமான காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தப் பெயர் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

முள்ளெலி எலி இல்லை. எலி கொறிக்கிற ஜாதி. இது பூச்சி தின்கிற ஜாதி. முள்ளம்பன்றி பன்றி இல்லை. அதுதான் கொறிக்கிற ஜாதி, எலிக்குச் சொந்தம். ஆக, எலி என்று பெயர் வைத்தது எலி இல்லை, பன்றி என்று பெயர் வைத்ததுதான் எலிக் கூட்டம். மூஞ்சூறும் எலி இல்லை, அது முள்ளெலிக்குப் பங்காளி. அந்தக் கணக்கில் என் மோட்டார் ரூமில் இருப்பது பிள்ளையார் வாகனத்தின் சித்தப்பா பிள்ளைகள். இதைச் சொன்னேன். சகலை மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்ப எலிதான?" என்றாள்.

1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்கிற துரை, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு, இதற்கு லத்தீனில் 'வெறும் வயிறு' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார். சீசன் விருந்தாளிகள் கிளம்பிப்போன பிறகு எங்கள் அடுப்படிக்கு வைக்க வேண்டிய பெயர்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், பெயரைப் பற்றிப் பேச இந்த ஊர்க்காரனுக்கு என்ன யோக்கியதை? கல்யாண முருங்கை முருங்கை இல்லை. கடல்குதிரை குதிரை இல்லை. சகலை காரை நிறுத்தி நிறுத்திப் பரோட்டா தின்கிற பிரானூர் பார்டரில் பார்டர் இல்லை. 1956இல் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோதே எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பரோட்டாக் கல்லுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் போகட்டும், தென்காசியே காசி இல்லை. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பி, இதுதான் தெற்கே காசி என்று சொல்லிவிட்டார். நாமும் அறுநூறு வருஷமாக அட்ரஸில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே விட்டேன்? மோட்டார் ரூமில். சகலையின் மகள் ஒரு தட்டில் பசும்பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள். பால் இதற்குச் சேராது, வயிற்றால் போகும், தண்ணீர் வைத்தால் போதும் என்றேன். "பாவம் மாமா, குட்டியா இருக்கு." பாலை நான் குடித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "பேரனுக்குக் கக்குவான் இருமல். ஒரே ஒரு முள்ளு பிடுங்கித் தாயேன். சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுத்தா நிக்கும்." இந்த வைத்தியத்துக்காகவே நம் பக்கம் எத்தனை முள்ளெலி போயிருக்கும்! தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி ஆச்சி என்றேன். "அதான கேக்கேன். வேற எங்க போயி வாங்க?" என்றாள்.

ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். சகலையை அனுப்ப வழியில்லை. ராத்திரி ஐந்தருவிக்கு ஒரு குளியல், வருகிற வழியில் பரோட்டா, பிறகு படுக்கை இங்கேதான். போகும்போது அந்த முக்கியமான காரியத்தைச் சொன்னேன்: தோட்டத்து ரோட்டில் இருட்டின பிறகு மெதுவாக வாரும், முள்ளெலி குறுக்கே வரும், அதுக்கு ஓடத் தெரியாது, வண்டியைக் கண்டாலும் சுருளத்தான் தெரியும்.

"எலி தானா ஒதுங்கிரும் அண்ணாச்சி," என்று கண்ணாடியை ஏற்றினார்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து மனைவி, "எலிக்குச் சாப்பாடு வச்சாச்சா?" என்றாள்.

"ரெண்டு எலிக்கும் வச்சாச்சு," என்றேன்.